பத்து உறைகள் சொல்லும் பாடம்

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து அழைப்பிதழ்களைத் தபாலில் அனுப்ப வேண்டும். மூன்று மாணவியர் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருத்தி மடிப்பாள், அடுத்தவள் உறையிலிட்டு ஒட்டுவாள், மூன்றாமவள் முகவரி எழுதுவாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிமிடம் ஆகும்.

பத்தையும் மடித்து முடித்த பிறகே அடுத்தவளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் உறை 21-ஆம் நிமிடத்தில்தான் தயாராகும். எல்லாம் முடிய 30 நிமிடம் ஆகும். ஒவ்வொன்றாக மடித்து உடனுக்குடன் கைமாற்றினால்? முதல் உறை 3-ஆம் நிமிடத்திலும் கடைசி உறை 12-ஆம் நிமிடத்திலும் தயாராகிவிடும்!

மாணவியர் வேகமாக உழைக்கவில்லை. காத்திருத்தல் மட்டுமே குறைந்தது. மற்றொரு நன்மையும் உண்டு. மடித்த தாள் உறைக்குள் நுழையவில்லை என்றால், முதல் முறையில் பத்தும் வீணான பிறகே அது தெரியவரும். இரண்டாம் முறையிலோ, ஓரிரு தாள்களோடு பிழை பிடிபட்டுவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜப்பானின் டொயோட்டா கார்த் தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் இக்கருத்தை வளர்த்தார். தேவைக்கு மேல் செய்து குவிப்பது, காத்திருப்பது, பிழையான பொருள் செய்வது முதலிய ஏழு வகை வீண்களை அவர் வரிசைப்படுத்தினார். பிழையைக் கண்ட தொழிலாளியே உற்பத்தியை நிறுத்தலாம் என்பது அங்கு விதி. இந்த முறையே பின்னர் 'லீன்', அதாவது வேண்டாத கொழுப்பில்லாதது, என்று பெயர் பெற்றது.

எல்லா வேலைகளும் ஒரே நேரம் பிடிப்பதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். முகவரி எழுத மூன்று நிமிடம் ஆனால், உறைகள் அங்கே தேங்கும். அங்கேதான் உதவி தேவை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண, மலையிறங்கி மதுரைக்குச் செல்வோம்.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தோர் ஏராளம். அறுவை மருத்துவர்களோ சிலர். ஆகவே மருத்துவரின் நேரம் சற்றும் வீணாகாமல் வேலை அமைக்கப்பட்டது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைப் பயிற்சி பெற்ற செவிலியர் தயார் செய்வர். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைக்குத் திருப்பிக்கொள்வார். மருத்துவரின் கை அவசரப்படவில்லை, காத்திருக்கவில்லை, அவ்வளவே. அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவர் பார்வை பெறும் நாளை அருகில் கொண்டுவருகிறது.

கணிப்பொறி நிரல் எழுதுவோரும் இதே வழிக்கு வந்தனர். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, 'அஜைல்' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டனர். முழு நிரலையும் எழுதி முடிக்கும்வரை காத்திராமல், இயங்கக்கூடிய சிறு சிறு பகுதிகளாகப் பயன்படுத்துவோரிடம் கொடு. குறை கேட்டுத் திருத்து. பிறகு மேலே செல் என்பது அதன் சாரம்.

நண்பர்களே! பத்துத் தாள்களும் ஒரு கடிகாரமும் போதும். இரு முறைகளையும் வகுப்பில் செய்து பாருங்கள். பின்னர் உங்கள் கண்காட்சி மாதிரியைக் கடைசி நாள்வரை மூடிவைக்காமல், பாதி முடிந்ததுமே ஆசிரியரிடம் காட்டுங்கள். அன்று தெரியும் பிழையைத் திருத்த நாள் இருக்கும்!