கொள்கலன் படிமப் பாதுகாப்புச் சோதனை

கொள்கலன் படிமப் பாதுகாப்புச் சோதனை என்பது, ஒரு கொள்கலனை இயக்கப் பயன்படும் படிமத்தில் அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள், மறந்து விடப்பட்ட கடவுச்சொற்கள், தவறான அமைப்புகள் ஆகியன உள்ளனவா என்று மென்பொருள் கொண்டு ஆராய்வதாகும். நிரல் மாறும்போதெல்லாம் படிமத்தைத் தானாகக் கட்டி வெளியிடும் தானியங்குத் தொடரில் இச்சோதனை ஒரு படியாகச் சேர்க்கப்படுகிறது. கடும் ஓட்டை காணப்பட்டால் தொடர் அங்கேயே நிறுத்தப்படும்.

படிமத்தின் அமைப்பு

2013 இல் டாக்கர் வெளிவந்த பின்னர், செயலியையும் அதற்குத் தேவையான நிரலகங்களையும் லினக்ஸ் வழங்கலொன்றின் அடிப்படைக் கோப்புகளையும் ஒரே படிமமாகப் பொதிந்து வழங்கும் முறை பரவலானது. நிரலாளர் எழுதியது சில நூறு வரிகளே எனினும், அவர் ஒருபோதும் திறந்து பார்த்திராத பல பொதிகள் படிமத்தில் உடன் வருகின்றன. ஓட்டைகள் பெரும்பாலும் இவற்றிலேயே காணப்படுகின்றன.

படிமம் பல அடுக்குகளால் ஆனது. ஓர் அடுக்கில் சேர்த்த கோப்பை அடுத்த அடுக்கில் நீக்கினால் அது மறைக்கப்படுகிறதே அன்றி அழிவதில்லை. வெள்ளையடித்த சுவரின் பழைய பூச்சைப் போல அது அடியில் கிடக்கும். படிமத்தைப் பெறும் எவரும் அதனைப் பிரித்தெடுக்கலாம். 2021 இல் கோட்கவ் நிறுவனத்தின் டாக்கர் படிம உருவாக்கத்தில் நேர்ந்த பிழையால் ஊடுருவியோர் அணுகல் சான்று ஒன்றைப் பெற்று, அந்நிறுவனத்தின் பதிவேற்று நிரலையே மாற்றினர். அந்நிரல் வாடிக்கையாளர்களின் தானியங்குத் தொடர்களுக்குள் இயங்கி வந்ததால் அவர்களது மறைச்சொற்களும் வெளியே அனுப்பப்பட்டன. சனவரி இறுதியில் தொடங்கிய இம்மாற்றம் ஏப்ரல் மாதத்திலேயே கண்டறியப்பட்டது.

சோதனை நிகழும் விதம்

சோதனைக் கருவி படிமத்தை இயக்கிப் பார்ப்பதில்லை. அடுக்குகளைப் பிரித்து, டெபியன், ஆல்பைன் போன்ற வழங்கல்கள் வைத்திருக்கும் பொதிப் பட்டியலையும், ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளின் நிரலகப் பட்டியல்களையும் படிக்கிறது. பின்னர் ஒவ்வொரு பொதியின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஓட்டைகளின் தரவுத்தளத்துடன் ஒப்பிடுகிறது. ஓட்டைகளுக்குப் பொது அடையாள எண் வழங்கும் சிவிஇ முறை 1999 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒப்பீடு தோன்றுமளவுக்கு எளிதன்று. டெபியன், ரெட் ஹேட் போன்றவை பழைய பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் சேர்த்து வெளியிடுவது வழக்கம். மூல ஆசிரியர்களின் பதிப்பெண்ணை மட்டும் நோக்கும் கருவி, அடைபட்ட ஓட்டையையும் திறந்துள்ளதாக அறிவிக்கும். எனவே கிளேர் (2015), டிரிவி (2019), கிரைப் (2020) போன்ற திறமூலக் கருவிகள் அந்தந்த வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்புகளையும் பயன்படுத்துகின்றன.

தொடரில் சேர்த்தல்

படிமம் கட்டப்பட்ட பின்னர், களஞ்சியத்தில் ஏற்றப்படுவதற்கு முன்னர் சோதனை நிகழ்வது பொருத்தமானது. கருவி முடியும்போது தரும் வெளியேறு எண் சுழியமாயின் தொடர் முன்செல்லும். வேறு எண்ணாயின் நிற்கும். டிரிவி இயல்பாக, ஓட்டைகளைக் கண்டாலும் சுழியத்தையே தருகிறது. இதை அறியாமல் சேர்த்தால் நீண்ட அட்டவணை அச்சாகும், பச்சைக் குறியும் தோன்றும், ஆனால் எதுவும் தடுக்கப்படாது. வெளியேறு எண்ணைத் தனியே குறிப்பிடுதல் வேண்டும்.

எல்லா ஓட்டைகளுக்கும் தொடரை நிறுத்துவதும் பயன் தராது. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்தால், சில வாரங்களில் சோதனையையே அணைத்துவிடுவது மனித இயல்பு. ஆகவே, 10 புள்ளி அளவையில் 7 அல்லது அதற்கு மேல் பெற்றவையும், திருத்தம் வெளிவந்துள்ளவையுமான ஓட்டைகளுக்கு மட்டும் தடை விதிப்பது பரவலான வழக்கம். விலக்களிக்கப்படும் ஓட்டைகள் காரணத்துடனும் காலாவதி நாளுடனும் ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. காலாவதி நாள் இல்லாத விலக்கு எவராலும் மீண்டும் பார்க்கப்படுவதில்லை.

படிமம் மாறாதிருப்பினும் தரவுத்தளம் மாறுகிறது. 2021 டிசம்பர் முதல் வாரத்தில் தேறிய ஜாவாப் படிமம், லாக்4ஷெல் எனப்பட்ட சிவிஇ-2021-44228 ஓட்டை இரண்டாம் வாரத்தில் வெளியானதும் 10 புள்ளி ஓட்டையுடையதாக ஆகியிருக்கக்கூடும். இதன் பொருட்டுக் களஞ்சியத்தில் உள்ள படிமங்களும் நாள்தோறும் மறுசோதனை செய்யப்படுகின்றன.

சோதனைப் படியும் தொடரின் மறைச்சொற்களுக்கு அருகிலேயே இயங்குகிறது. 2025 மார்ச்சில், கிட்ஹப் தொடர்களில் பெரிதும் பயன்பட்ட டிஜே-ஆக்சன்ஸ் படியொன்றின் பதிப்புச் சிட்டைகள் தீநிரலை நோக்கி மாற்றப்பட்டு, மறைச்சொற்கள் பதிவேடுகளில் அச்சாகின. சிட்டைப் பெயருக்குப் பதிலாக முழு அடையாளக் கோவையால் படிகளைக் குறித்தவர்கள் இம்மாற்றத்திலிருந்து தப்பினர்.

வரம்புகள்

கருவி அறியப்பட்டவற்றையே கண்டறியும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நிரலகத்தில் ஒளித்து வைக்கப்பட்ட கள்ளவழியை எந்தச் சோதனைக் கருவியும் காட்டவில்லை. தொலை நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமானதை ஐயுற்று ஆராய்ந்த ஆண்டிரஸ் பிராயிண்ட் என்ற நிரலாளரே அதனைக் கண்டுபிடித்தார். பொதிப் பட்டியல் இல்லாமல் நேரடியாகப் படியெடுக்கப்பட்ட நிரல்களையும் கருவிகள் தவறவிடுவதுண்டு. அத்தகைய படிமத்திற்கு வரும் "ஓட்டைகள் 0" என்ற முடிவு, கருவியால் எதையும் படிக்க இயலவில்லை என்பதையும் குறிக்கலாம்.