தானுந்துப் பொறியின் சீரற்ற ஓய்நிலை ஓட்டம்

சீரற்ற ஓய்நிலை ஓட்டம் என்பது, தானுந்து நின்றுகொண்டிருக்கையில் முடுக்கியை மிதிக்காத நிலையிலும் பொறியின் சுழற்சி வேகம் ஏறி இறங்குவதையும், பொறி அதிர்ந்து அணைந்துபோவதையும் குறிக்கும். பணிமனைகளில் இதனை 'ஐடிலிங் சரியில்லை' என்பர். பெட்ரோல் பொறிகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை ஓய்நிலையில் ஓடும். குளிர்ந்த பொறி சற்று விரைந்து ஓடுவது இயல்பே. அதனைப் பழுதெனக் கொள்ளலாகாது.

காரணங்கள்

ஓய்நிலையில் பொறி உள்ளிழுக்கும் காற்று மிகக் குறைவு. ஆகவே காற்று உட்செல்லும் பாதையில் உள்ள ரப்பர் குழாயொன்றில் சிறு வெடிப்பு இருந்தாலும், எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்னும் விகிதம் குலைந்துவிடும். முடுக்கியை மிதித்தவுடன் தடுமாற்றம் மறைந்தால் இக்கசிவையே முதலில் ஐயுற வேண்டும். எல்லா வேகங்களிலும் தடுமாறினால் பிளக், பற்றவைப்புச் சுருள், எரிபொருள் தெளிப்பான் ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் திருகாணியைத் திருப்பி ஓய்நிலை வேகத்தைச் சரிசெய்வர். தெளிப்பான் பொருத்திய வண்டிகளில் கணினியே அவ்வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் அப்பழக்கம் இங்குப் பொருந்தாது.

வெள்ளத்திற்குப் பின்

கடலூர் தென்பெண்ணை, கெடிலம் ஆறுகளின் கழிமுகத்திலும், சிதம்பரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தாழ்நிலத்திலும் அமைந்துள்ளன. 2015ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழையும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இம்மாவட்டத்தில் குடியிருப்புகளை மூழ்கடித்தன. இத்தகைய பகுதியில் மழைக்காலத்திற்குப் பின் தோன்றும் தடுமாற்றத்திற்கு நீரையே முதற்காரணமாக எண்ணுவது தகும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும். நீர் ஓர் அளவை மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து கலத்தின் அடியில் தங்கும். எரிபொருள் பம்போ அடியிலிருந்தே உறிஞ்சுகிறது. திறந்தவெளியில், தீயின் அருகில் இல்லாமல், கலத்தின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாது வைத்தால் இரு அடுக்குகள் தெரியும். மின்இணைப்பிகளில் பச்சை நிறக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் வெள்ளமின்றியும் இது நேரும்.

காற்று வடிகட்டி நனைந்திருந்தால் பொறியை ஒருமுறைகூட இயக்கிப் பார்க்கக் கூடாது. நீர் அமுங்காத பொருளாதலால், உருளைக்குள் புகுந்த நீர் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். பிளக்குகளைத் துலக்கினால் போதும் என்ற நிலையிலிருந்த வண்டி, பொறியையே பிரிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

கண்டறியும் முறை

முதலில் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். பி0300 என்பது பல உருளைகளில் எரிதல் தவறுவதையும், பி0171 என்பது கலவையில் காற்று மிகுந்திருப்பதையும் காட்டும். பின்னதைக் கண்டவுடன் ஆக்சிசன் உணரியை மாற்றுவோர் பலர். உணரி பெரும்பாலும் உண்மையையே சொல்கிறது. கசிவு வேறிடத்தில் இருக்கும்.

அடுத்து, ஓடும் பொறியில் தெளிப்பான்களின் மின்இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். நல்ல உருளையின் இணைப்பைக் கழற்றினால் வேகம் குறையும். எதனைக் கழற்றியும் வேறுபாடு இல்லையோ அவ்வுருளையே பழுதுடையது. பிளக்கின் இணைப்பைக் கழற்றும் பழைய முறையில் எரியாத பெட்ரோல் வெளியேறி வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும்.

மாசுச் சான்றிதழுக்கான சோதனையும் ஓய்நிலையில் நடைபெறுகிறது. பாரத் நிலை 4 பெட்ரோல் தானுந்துகளுக்கு அப்போது கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டை மீறலாகாது. எரிதல் தவறும் வண்டிகளில் எரியாத ஐதரோகார்பன் அளவும் உயர்வதால் அவை இச்சோதனையில் தவறக்கூடும்.