கூறைச்சேலை கையோடு வரட்டும்

மணமாகிப் பாரிசுக்குக் குடிவரும் பெண்ணின் பெட்டியில் முதலிடம் கூறைச்சேலைக்கே. லா சப்பல் கடைகளில் சேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தாலி ஏறியபோது உடுத்த கூறையை எக்கடையிலும் வாங்க முடியாது. ஆகவே அதனைக் கப்பற் பொதியில் இடாது, கைப்பெட்டியிற் கொண்டுவருதலே நன்று.

ஏனைய உடுப்புகளைக் கப்பலில் அனுப்பலாம். கடற்பயணம் வாரக்கணக்கில் நீளும். ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எனவே நன்கு காய்ந்தவற்றையே அடுக்க வேண்டும். சரிகைச் சேலைகளைப் பருத்தித் துணியிற் சுற்றவேண்டும். பூச்சியுருண்டை சரிகையிற் படலாகாது. பச்சை வேப்பிலையும் வேண்டாம். 2019 டிசம்பர் முதல் தாவரச் சுகாதாரச் சான்றிதழின்றிப் பச்சிலைகள் ஐரோப்பிய ஒன்றியத்துள் வர முடியாது.

சுங்கவிதியும் அறியத்தக்கது. 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதிப்படி, ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதங்களேனும் வாழ்ந்து குடிபெயர்வோர் 6 மாதம் பாவித்த உடைமைகளுக்குத் தீர்வையில்லை. மணமகளுக்கோ புதுச்சேலைகளுக்கும் சலுகையுண்டு. அதற்குத் திருமணச் சான்று வேண்டும். மணநாளுக்கு 2 மாதம் முன்பிருந்து 4 மாதம் பின்வரையான காலத்துள் பொதி வந்துசேர வேண்டும். சுங்கப் பகுதிக்கு அறிவியாமல் 12 மாதங்களுக்கு அவற்றை விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது.

முறையாகப் பேணிவந்த கூறை, ஆண்டுகள் பல சென்றபின்னும் மாணிக்க விநாயகர் தேரன்று உடுத்த உதவும்.