வீங்கிய முட்டி, ட்ரிப் ஆன தொடை

வேப்பந்தட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பருத்தி எடுக்கப் போன அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம்தான், பிசியோதெரபிக்குப் போங்கள் என்றார். பெரம்பலூரில் தனியார் கிளினிக்கில் விசாரித்தால் பத்து சிட்டிங், கரண்டு வைப்போம், மெழுகு ஒத்தடம் கொடுப்போம், பணத்தை மொத்தமாகக் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா? அம்மாவோ, வலிகூடப் பரவாயில்லை, காலில் பலமே இல்லை, படி இறங்கினால் முட்டி மடங்கிக்கொள்கிறது என்கிறார்."

பணத்துக்குப் பிறகு வருவோம். இந்தக் கடிதத்தில் விஷயமுள்ள வரி அம்மா சொன்னதுதான். வீக்கம் முட்டியில், பலம் போனதோ தொடையில். தொடைக்கு என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை. அதை அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அணைத்தது தண்டுவடம்.

நல்ல முட்டிக்குள் இருக்கும் மூட்டுநீர் சில மில்லிலிட்டர்தான். அது கூடும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை இழுபடுகிறது. உறையில் இருக்கும் நரம்பு முனைகள் அந்த இழுவையைத் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. தண்டுவடம் மூளையைக் கலந்துகொள்வதில்லை. தொடையின் முன்புறத் தசைக்குப் போகும் கட்டளையைத் தானே குறைத்துவிடுகிறது. 1984இல் ஸ்பென்சர், ஹேய்ஸ், அலெக்சாண்டர் என்ற மூவர், நோயில்லாத முட்டிகளுக்குள் உப்புநீரை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார்கள். 20, 30 மில்லி உள்ளே போனதுமே முட்டிச்சில்லுக்கு மேலே, உட்பக்கம் புடைத்திருக்கும் தசை அடங்க ஆரம்பித்தது. தொடையின் மற்றத் தசைகள் அடங்க 50, 60 மில்லி தேவைப்பட்டது. இதற்கு வலி இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதனால்தான் மாத்திரை போட்டு வலி நின்ற பிறகும் கால் மடங்குகிறது.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூன்று பேஸில் ஒன்று போனால் ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே ட்ரிப் ஆகும். மோட்டார் கெடவில்லை, காயிலும் எரியவில்லை. எரியக்கூடாது என்றுதான் ரிலே நிறுத்தியது. தெரியாதவர் மோட்டாரைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிப் போவார். அவசரக்காரர் ஸ்டார்ட்டரில் குச்சியைச் செருகி ஓட்டுவார். வலி ஊசியைப் போட்டுக்கொண்டு களைக்கொத்தோடு வயலில் இறங்குபவர் செய்வதும் அதுவே. விவரமானவர் முதலில் பேஸைப் பார்ப்பார், அதாவது வீக்கத்தை இறக்குவார், பிறகு ரீசெட் பொத்தானை அமுக்குவார். ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை நொண்டும். ஆறு மாதம் நின்ற மோட்டார் அதே ஐந்து குதிரைசக்தி மோட்டார்தான். ஆறு வாரம் நின்ற தொடை அளவில் சிறுத்துவிடும். தொடை சிறுத்தால் முட்டிக்குத் தாங்கல் குறையும், முட்டி மறுபடி வீங்கும், ரிலே மறுபடி ட்ரிப். இந்தச் சுற்றுக்கு ஈ.பி.க்காரரைத் திட்டவும் வழியில்லை.

அந்த ரீசெட் பொத்தான், பார்ப்பதற்கு ஏமாற்று வேலை போலத் தெரியும் ஒரு பயிற்சி. காலை நீட்டி உட்கார வைத்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார்கள். "முட்டியால் துண்டைக் கீழே அமுக்குங்கம்மா, ஐந்து எண்ணும் வரை விடாதீங்க." முதல் நாளில் பலருக்கு இடுப்புதான் தூக்கும், மூச்சு நின்றுபோகும், தொடை சும்மா கிடக்கும். நல்ல பிசியோதெரபிஸ்ட் முட்டிச்சில்லுக்கு மேலே அந்த உட்பக்கத் தசையில் இரண்டு விரலால் தட்டி, "இங்கே, இங்கே இறுக்குங்க" என்பார். விரலுக்கடியில் தசை ஒருமுறை துடிக்கும். "இதற்கா காசு?" என்று வெளியே வந்து முணுமுணுப்பவர்கள் உண்டு. இதற்குத்தான் காசு. அடுத்த கட்டிலில் ஓடும் மெஷினுக்கு அல்ல.

மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. அல்ட்ராசவுண்ட் சிகிச்சையைப் பற்றி 1975 முதல் 1999 வரை வெளியான 35 சோதனைகளை ராபர்ட்சன், பேக்கர் என்ற இருவர் 2001இல் சலித்தார்கள். முறை சரியாக இருந்தவை 10. அவற்றில் இரண்டில் மட்டுமே நிஜக் கருவி பொய்க் கருவியை வென்றது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல், அல்ட்ராசவுண்ட், லேசர், கரண்டு வைக்கும் டென்ஸ், ஐ.எஃப்.டி. எல்லாவற்றையும் ஆதாரம் போதாது என்று ஒதுக்கிவிட்டு, உடற்பயிற்சியை எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கச் சொன்னது. ஆரம்பத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதையும் சொல்லிவிட்டது. கரண்டு முழுக்க வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். வீங்கிய முட்டியில் ஐஸோ டென்ஸோ வைத்தால் தண்டுவடம் போட்ட அந்தத் தடை சற்று நேரம் தளர்வதாக ஆய்வுகள் உண்டு. தளர்ந்த அந்த நேரத்தில் பயிற்சி செய்தால் லாபம். வைத்துவிட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டால் லாபம் கிளினிக்குக்கு.

    

இனி கிளினிக் வாசல். உள்ளே இருப்பவர் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி பட்டம், படித்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பயிற்சிக் காலமும் சேர்ந்த பல ஆண்டுப் படிப்பு அது. 2021இல் இந்தத் தொழிலையும் உள்ளடக்கிய மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. முதல் நாளே கட்டிலில் படுக்க வைத்துக் கரண்டு மாட்டுகிற இடமா, அல்லது நடக்கச் சொல்லி, உட்கார்ந்து எழச் சொல்லி, இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்கிற இடமா என்று பாருங்கள்.

கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியவை சில உண்டு. பேஸ்மேக்கர் இருந்தால் கரண்டு பக்கமே போகக்கூடாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் மெழுகு ஒத்தடம் சுட்டுப் புண்ணாக்கும்; சுடுவது அவருக்கே தெரியாது. காய்ச்சலோடு முட்டி கொதித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது பிசியோதெரபிக்கான வேலையே இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. உங்கள் ஊரிலிருந்து ஆத்தூர் சாலை பஸ்ஸில் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய்விடலாம். பஸ் ஏறவே முடியாத நிலையிலுள்ளவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. கிராம செவிலியரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். நரம்புத் தடை சில நிமிடங்களில் தளரலாம். கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேரச் சில வாரம் ஆகும். தசை கண்ணுக்குத் தெரியுமளவு தேற ஆறு முதல் எட்டு வாரம். பத்து சிட்டிங்கைப் பத்தே நாளில் முடித்துவிட்டால், தொடை தேற ஆரம்பிக்கும் முன்பே பேக்கேஜ் முடிந்துவிடும். அதனால் இப்படிக் கேளுங்கள்: முதல் வாரம் மூன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று இரண்டு மாதத்துக்குப் பரப்பித் தருவீர்களா, இடையில் வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தருவீர்களா? சரி என்றால் கட்டலாம். தினமும் வந்தால்தான் பலன் என்றால், அம்மாவின் முட்டிக்கு அடியில் தினமும் அவர்கள் எதை வைக்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.