4 பேர், 45 நிமிடம்: ஒரு மியூசியக் கணக்கு

பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போக என்ன செலவாகும் என்று கேட்டால், எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் சொல்வார்கள். அது கணக்கில் ஒரு வரி. மீதி வரிகள் பஸ்ஸிலும் ரயிலிலும் காலிலும் வயிற்றிலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் ஒன்று தெரியவரும்: அன்றைக்கு முதலில் தீர்ந்துபோவது பிள்ளையின் கவனம். பணம் அதற்கு அப்புறம்தான் தீரும்.

கணக்குக்கு ஒரு குடும்பம் வேண்டும். அப்பா, அம்மா, 10 வயதுப் பெண், 7 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். இடம் மைசூர் தேவராஜ மொஹல்லா. அங்குள்ள ஜகன்மோகன் அரண்மனையிலிருந்து மைசூர் அரண்மனை, தேவராஜ மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன், ரயில் மியூசியம் எல்லாம் சுமார் 2 கி.மீ. வட்டத்துக்குள் அடக்கம்.

கையிருப்பு

ஜகன்மோகன் அரண்மனை 1861-ல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. 1897-ல் அரச குடும்பத்துக் கல்யாணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. ராஜ குடும்பம் இங்கே குடிவந்தது. 1902-ல் வைஸ்ராய் கர்சன் முன்னிலையில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பட்டத்துக்கு வந்ததும் இங்கேதான். ஹென்றி இர்வின் வரைபடப்படி புது அரண்மனை 1912-ல் முடிந்தது. 1915-ல் ஜகன்மோகன் ஓவியக்கூடமானது. பிறகு ஜயசாமராஜேந்திர உடையார் பெயரைப் பெற்றது. இருப்பு: 2,000-க்கு மேற்பட்ட ஓவியங்கள், அவற்றில் ரவி வர்மா வரைந்த அசல்களும் உண்டு.

அறிவியல் பக்கம் வந்தால், கே.ஆர்.எஸ். ரோட்டில் 1979-ல் திறந்த ரயில் மியூசியம் இருக்கிறது. டெல்லி மியூசியத்துக்கு (1977) அடுத்து ரயில்வே அமைத்தது இது. காரஞ்சி ஏரிக்கரையில் 1995-ல் திறந்த மண்டல இயற்கை வரலாற்று மியூசியம் இருக்கிறது. ஊருக்கு வெளியே சுமார் 16 கி.மீ. போனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் 1784-ஆம் ஆண்டு தரியா தௌலத் மாளிகை. பொருளுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

செலவு 1: வாசல்

முதலில் வரி. மியூசியம், மிருகக்காட்சிசாலை நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட சினிமா டிக்கெட்டுக்கு 18 சதவீதம். அதாவது 4 பேருக்கும் சினிமாவுக்கு வரி முன்பாக 800 ரூபாய் ஆனால் அதன் மேல் 144 ரூபாய் வரி. மியூசியத்தில் அந்த வரி பூஜ்யம்.

அடுத்து வயது. தரியா தௌலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது. 2018-ல் அந்தத் துறை திருத்திய கட்டணப்படி இந்த மாளிகை சேர்ந்த வகைக்கு இந்தியர்களுக்கு 25 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். நம் குடும்பத்துக்கு மொத்தம் 50 ரூபாய். அந்தக் காசுக்குக் கிடைப்பது, மேற்குச் சுவரில் ஓவியமாக நிற்கும் 1780-ஆம் ஆண்டுப் புள்ளலூர்ப் போர். நடந்த இடம் காஞ்சிபுரம் பக்கம். நம்மூர்ப் போரைப் பார்க்க மைசூர்ச் சீமைக்கு வரவேண்டியிருக்கிறது. ஆங்கிலேயப் படையின் கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பார். அவரைச் சுற்றி எத்தனை சிப்பாய்கள் என்று எண்ணச் சொன்னால் 7 வயதுப் பையன் பத்து நிமிடத்துக்குத் திரும்ப மாட்டான்.

பிரிட்டனில் தேசிய மியூசியங்களின் பொதுக் காட்சிக்கு 2001 டிசம்பரில் கட்டணத்தை எடுத்தார்கள். அடுத்த பத்தாண்டில், முன்பு கட்டணம் வாங்கிய மியூசியங்களுக்கு வந்தவர்கள் இரு மடங்குக்கும் மேல். காசு வாங்காத வாசலுக்கு ஒரு குணம் உண்டு: அரை மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் யாரும் 'கொடுத்த காசு வீணாச்சே' என்று புலம்ப மாட்டார்கள். காசு கொடுத்த வாசலில் கடைசி அறைவரை இழுத்துப் போகிறோம். இந்தப் பழக்கத்தின் விலை மூன்றாவது செலவில் வரும்.

செலவு 2: வழி

ஒரே குடும்பம், ஒரே பஸ், ஆனால் இரண்டு கணக்கு. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டம். அம்மாநிலத்துப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம், சிறுமிகளுக்கும் சேர்த்து. 6 வயது முதல் 12 வயதுவரை அரை டிக்கெட். மைசூரிலேயே குடியிருக்கும் தமிழ்க் குடும்பமானால்:

அம்மா – 0
பெண் – 0
அப்பா – 1
பையன் – அரை
மொத்தம் – 1½ டிக்கெட்

கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த குடும்பமானால் 1 + 1 + ½ + ½ = 3 டிக்கெட். சரியாக இரு மடங்கு. வீட்டில் இரண்டும் பெண்ணானால் உள்ளூர்க் கணக்கு ஒரே டிக்கெட்டில் முடியும்.

ரயிலில் வேறு விதி. 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம் என்றால் பாதி. 2016 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். சேர் காரில் இந்த 'வேண்டாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சென்னையிலிருந்து வந்தே பாரத்திலோ சதாப்தியிலோ வந்தால் 4 முழு டிக்கெட். இரவு காவேரி எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டால் 3 டிக்கெட் கட்டணம். மிச்சம் 1 டிக்கெட். ஆனால் அந்த மிச்சம் தூக்கம் கெட்ட இரண்டு பிள்ளைகளாகக் காலையில் ஸ்டேஷனில் இறங்கும். மியூசியம் போகிற நாளில் அது நஷ்ட வியாபாரம்.

செலவு 3: கவனம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஸ்மித் தம்பதி செய்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று பிரபலமானது. ஓர் ஓவியத்தின் முன் மக்கள் நின்ற நேரம் சராசரி 27.2 வினாடி; பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அதுவும் புகழ்பெற்ற ஓவியங்களுக்கு, பெரியவர்கள் கொடுத்த நேரம்.

இதை ஜகன்மோகனுக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 ஓவியம் × 27.2 வினாடி = 54,400 வினாடி. 15 மணி நேரத்துக்கு மேல். சாப்பாடு, தண்ணீர், 'அம்மா ஒண்ணுக்கு' எதுவும் இதில் சேரவில்லை. ஒரு முழுப் பகலும் போதாது.

கால் வலிக்கும் கணக்கு உண்டு. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தின் செயலாளர் கில்மன் 1916-லேயே 'மியூசியக் களைப்பு' பற்றி எழுதினார். பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து நெளிகிறார் என்று படம் எடுத்தே காட்டினார். பெரியவருக்கே அந்தக் கதி. 1.2 மீட்டர் உயரப் பிள்ளைக்குப் பாதிப் பெட்டிகள் தலைக்கு மேலே. எஞ்சியது அப்பாவின் தோள். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரியவர்களின் கவனம் 30 முதல் 45 நிமிடத்துக்குப் பிறகு சரியத் தொடங்குவதாகச் சொல்கின்றன. பிள்ளைக்கும் 45 நிமிடம் என்று தாராளமாகவே வைப்போம்.

இப்போது டிக்கெட்டும் பஸ்ஸும் சேர்த்து அன்றைய செலவு 400 ரூபாய் என்று ஒரு வசதிக்காக வைத்து, இரண்டு விதமாகப் பிரிப்போம்.

அ. ஓட்டம்: 60 நிமிடம், 132 ஓவியம், ஒன்றுக்கு 27 வினாடி. ஓவியத்துக்கு 3 ரூபாய். நிமிடத்துக்கு 6.67 ரூபாய்.

ஆ. நிறுத்தம்: 45 நிமிடம், 9 ஓவியம், ஒன்றுக்கு 5 நிமிடம். ஓவியத்துக்கு 44.44 ரூபாய். நிமிடத்துக்கு 8.89 ரூபாய்.

ஓவியக் கணக்கில் 'ஆ' கிட்டத்தட்ட 15 மடங்கு விலை. நிமிடக் கணக்கில் வித்தியாசம் 2.22 ரூபாய்தான். அந்த இரண்டேகால் ரூபாய்க்குப் பிள்ளைக்குக் கிடைப்பது, ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் 27 வினாடிக்குப் பதில் 300 வினாடி.

5 நிமிடத்தில் என்ன பார்ப்பது?

ஜகன்மோகனில் எல்லோரும் தேடிப்போவது ஹல்தன்கரின் 'நம்பிக்கை ஒளி'. சாவந்த்வாடிக்காரர், 1945–46-ல் நீர்வண்ணத்தில் வரைந்தார். மாதிரியாக நின்றவர் அவருடைய மகள் கீதா. 2018-ல் 102-ஆவது வயதில் காலமானார். படத்தில் ஒரு பெண் ஒரு கையில் விளக்கை ஏந்தி, மறு கையால் சுடரை மறைத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையிடம் ஒரு கேள்வி போதும்: சுடர் எங்கே? பார்த்தால் சுடரே தெரியாது. விரல் இடுக்குகள் சிவந்திருக்கும், முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், பின்னால் இருட்டு. நாலு இடத்தில் விழுந்த வெளிச்சத்தை வைத்து விளக்கின் இடத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். வீட்டுக்கு வந்து ஒரு டார்ச்சின் மேல் கையை வைத்துப் பார்த்தால் அறிவியல் பாடமும் முடிந்தது. செலவு: 0.

மைசூர் அரண்மனையில் தங்க அம்பாரி. எடை 750 கிலோ. மத்திய அரசின் 2020 புத்தகப் பைக் கொள்கைப்படி 3 முதல் 5-ஆம் வகுப்புவரை பையின் எடை 2½ கிலோவைத் தாண்டக் கூடாது. 750 ÷ 2.5 = 300. தசரா யானை முதுகில் ஏறுவது 300 பிள்ளைகளின் பை. அரண்மனைக் கட்டுமானத்துக்கே ரூபாய் சுத்தமாகக் கணக்கு இருக்கிறது: 41,47,913. 1897 முதல் 1912 வரை 15 வருஷம் என்று வகுத்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 2,76,500 ரூபாய்.

அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமை மாலை எரியும் விளக்குகள் சுமார் 97,000. பல்பு ஒன்றுக்கு 10 வாட் என்று வைத்தாலும் 970 கிலோவாட். ஒரு மணி நேரத்துக்கு 970 யூனிட். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு 200 யூனிட்வரை இலவசம். அரண்மனையின் ஒரு மணி நேரத்தில் ஐந்து வீடுகளின் மாத உச்சவரம்பு கிட்டத்தட்ட அடங்கும். மதிலுக்கு வெளியே நின்று இந்தக் கணக்கைப் போடக் காசு கேட்க மாட்டார்கள்.

ரயில் மியூசியத்துக்கு ஒரு தையல் டேப் எடுத்துப் போகலாம். மீட்டர் கேஜ் 1,000 மி.மீ.; ஸ்டேஷனில் பார்த்த அகலப் பாதை 1,676 மி.மீ. பையன் தானே அளந்து 676 மி.மீ. வித்தியாசத்தைச் சொல்லட்டும். சாலையில் ஓடவேண்டிய ஆஸ்டின் கார் அங்கே ரயில் சக்கரத்தில் நிற்கும். மகாராணிக்கான 1899-ஆம் ஆண்டு சலூன் பெட்டியில் சமையலறை உண்டு, கழிவறையும் உண்டு. பிள்ளைகள் எதற்கு அதிக நேரம் கொடுப்பார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

ஒருநாள் டூரின் வரவு செலவு

அரண்மனை, ஜகன்மோகன், மிருகக்காட்சிசாலை, சாமுண்டி மலை, ஸ்ரீரங்கப்பட்டணம், பிருந்தாவனம். வேனில் ஒரே நாளில் ஆறும் முடிப்பது மைசூர் டூரின் வழக்கம். காலை 9 முதல் மாலை 7 வரை 600 நிமிடம். கழிவுகள்:

வழி, சுமார் 80 கி.மீ. – 180 நிமிடம்
சாப்பாடு – 60 நிமிடம்
வரிசை, செருப்பு, பாத்ரூம், 6 × 15 – 90 நிமிடம்
மீதி – 270 நிமிடம்

270-ஐ 6-ஆல் வகுத்தால் இடத்துக்குச் சரியாக 45 நிமிடம். காகிதத்தில் அழகாக விழுகிறது. ஆனால் பிள்ளையிடம் அந்த 45 நிமிடம் காலையில் ஒரு தடவை, சாப்பிட்டு ஓய்வெடுத்தால் இன்னொரு தடவை, ஆக 90. மிச்சம் 180 நிமிடத்துக்குக் கட்டிய டிக்கெட், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, வேனில் தூங்கும் பிள்ளைக்காகக் கட்டியது.

ஆகவே வெளியூர்க் குடும்பம் ஒரு நாளைக்கு இரண்டு இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்: காலையில் ஜகன்மோகன், மாலையில் ரயில் மியூசியம். நடந்தே முடியும், 80 கி.மீ. வேன் வாடகை மிச்சம். உள்ளூர்க் குடும்பம் ஆறு இடத்தையும் ஆறு அரைநாளாகப் பிரித்தால் டிக்கெட் செலவு அதேதான், கூடுவது ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த 1½ பஸ் டிக்கெட் மட்டும். கைக்கு வருவது 6 × 45 = 270 நிமிடமும் விழித்திருக்கும் பிள்ளை.