'ட்ரிங்... ட்ரிங்...' உஷார் குட்டீஸ்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா கடைக்குப் போயிருக்கிறார். தாத்தா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக் கொண்டிருக்கிறார். போன் அடிக்கிறது. எடுத்தால், மிக மரியாதையாக ஒரு குரல்...

''ஐயா... பேங்க் மேனேஜர் பேசறேன். உங்க ஏ.டி.எம்., கார்டு சாயங்காலம், 'பிளாக்' ஆயிடும். இப்போ போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னா, உடனே சரி பண்ணிடறேன்!''

தாத்தா பதறிப் போய், கண்ணாடியைத் தேடுகிறார். அவரது பென்ஷன் பணம் முழுவதும் அந்த அக்கவுன்டில் தான் இருக்கிறது. பக்கத்தில் நீங்கள் மட்டும்! என்ன செய்வீர்கள் குட்டீஸ்?

ஞாயிற்றுக்கிழமை பேங்க் லீவ் ஆச்சே என்று சந்தேகம் வந்ததா? சபாஷ்! ஆனால், வேலை நாளில் வந்தாலும் இது பொய் தான். அந்த நம்பருக்கு, 'ஓ.டி.பி.,' என்று பெயர். ஒரே ஒரு முறை மட்டும் பூட்டைத் திறக்கும் சாவி அது. எந்த வங்கியும் அதைக் கேட்காது. திருடனுக்குத் தான் அது தேவை!

இந்த மாதிரி ஏமாற்று வேலை புதிதல்ல. 19ம் நூற்றாண்டிலேயே கடிதம் மூலம் இது நடந்தது. 'பெரிய பணக்காரர் ஒருவர் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடுகிறார். மீட்கப் பணம் அனுப்பினால், புதையலில் பங்கு கிடைக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதுவர். நம்பி அனுப்பினால், 'இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்று அடுத்த கடிதம் வரும். புதையல் மட்டும் வராது! இதற்கு, 'ஸ்பானிஷ் கைதி மோசடி' என்று பெயர்.

அன்று கடிதம், இன்று போன். ஆனால், ஏமாற்றுபவர்களின் சமையலில் மூன்று சாமான்கள் மட்டும் மாறவே இல்லை. ஒன்று, ஆசை அல்லது பயம். இரண்டு, அவசரம். மூன்று, ரகசியம். இதோ பாருங்கள்...

* 'கேமில் இலவச, 'டைமண்ட்' தருகிறோம், பாஸ்வேர்டு கொடு. அப்பாவிடம் சொல்லாதே!' - இது ஆசை. இலவசம் என்றால், ரகசியம் எதற்கு?

* 'பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர்., கோடை ஸ்கேன் செய்து, பின் நம்பர் போடுங்கள்' - யு.பி.ஐ.,யில் பணம் பெற பின் நம்பர் வேண்டவே வேண்டாம். போட்டால், நம் பணம் தான் போகும்!

* தெரியாத நம்பரில் இருந்து கல்யாணப் பத்திரிகை வரும். அது, 'ஏ.பி.கே.,' பைலாக இருந்தால் தொடாதீர்கள். அது பத்திரிகை அல்ல. உங்கள் மெசேஜ்களைத் திருட வரும் ஆப்!

* போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்துள்ளோம். போனை வைக்கக் கூடாது' என்று மிரட்டுவர். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை!

* அழுதபடி அண்ணன் குரலில் பேசி, பணம் கேட்கலாம். குரலைக் கூட இப்போது கம்ப்யூட்டரில் உருவாக்கி விடுகின்றனர். வீட்டுக்கென ஒரு ரகசியச் சொல் வைத்துக் கொள்ளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவர், உங்கள் அண்ணன் அல்ல!

சரி, தாத்தாவை எப்படிக் காப்பாற்றுவது?

போனை, 'கட்' செய்யச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. சந்தேகம் இருந்தால், ஏ.டி.எம்., கார்டின் பின்புறம் உள்ள வங்கி எண்ணை நீங்களே அழைத்து விசாரியுங்கள்.

ஒருவேளை பணம் போய் விட்டதா? உடனே, 1930க்கு போன் செய்ய வேண்டும். நாடு முழுவதற்கும் இது தான் எண். திருடர்கள் பணத்தை அக்கவுன்ட் விட்டு அக்கவுன்ட் மாற்றிக் கொண்டே இருப்பர். அவர்கள் எடுப்பதற்கு முன் புகார் போனால், வழியிலேயே பணத்தை முடக்க முடியும். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்!

தவறு உங்களுடையது என்றாலும், திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். தாத்தா ஏமாந்திருந்தால், அவரைக் கேலி செய்யவும் கூடாது. படித்தவர்கள், பெரிய அதிகாரிகள் கூட ஏமாந்திருக்கின்றனர். நாம் வாய் மூடி இருப்பது தான், திருடனுக்கு நாம் செய்யும் பெரிய உதவி!

இன்று ஒரு வேலை செய்யுங்கள் குட்டீஸ்... ஒரு அட்டையில், '1930' என்று பெரிதாக எழுதி, தாத்தா, பாட்டி கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். கீழே, 'ஓ.டி.பி.,யை யாருக்கும் சொல்லாதீங்க!' என்றும் எழுதுங்கள். கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி, கொட்டை எழுத்தில். ஓ.கே.,வா?