மின்சார வாள் எரியவில்லையா? வீட்டிலேயே சரி செய்யலாம்!

திருவேற்காடு கருமாரி அம்மன் கோவிலில் சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், குழந்தைகளின் கண் பொம்மைக் கடைப் பக்கம்தான் போகும்.

சிவப்பும், பச்சையும், நீலமுமாக மின்னும் பிளாஸ்டிக் வாள் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும். பூந்தமல்லிக்குப் போனாலும், அம்பத்தூருக்குப் போனாலும், பஸ்சிலேயே போர் தொடங்கி விடும்!

சில நாட்களில் வாள் அணைந்து விடுகிறது. குழந்தை அழுகிறது. வாள் குப்பைக்குப் போகிறது.

அவசரப்படாதீர்கள்! பெரும்பாலும் சின்னக் கோளாறாகத்தான் இருக்கும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைக்கப்பட்டது. விஜயந்தா, அர்ஜுன் டாங்கிகள் அங்கே உருவானவை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அங்கெல்லாம் எந்திரம் நின்று போனால், தொழிலாளி அதைத் தூக்கி எறிவது இல்லை. "எதுவரை ஓடுகிறது? எங்கே நிற்கிறது?" என்று வரிசையாகப் பார்ப்பார்.

வாளுக்கும் அதே வழிதான்.

முதலில் எச்சரிக்கை

வாளின் கைப்பிடிக்குள், சட்டைப் பொத்தான் அளவில் 3 பாட்டரிக் கட்டைகள் இருக்கும். வாளைத் திறக்கும்போது சின்னக் குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. கட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

குழந்தை அதை விழுங்கினால் பேராபத்து! கட்டை உணவுக் குழாயில் சிக்கினால், எச்சிலின் வழியே மின்சாரம் ஓடும். சோப்பு காய்ச்சும் காஸ்டிக் சோடா போன்ற பொருள் அங்கே உண்டாகி, சதையை அரித்து விடும். 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். தீர்ந்து போன கட்டையிலும் அதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும்.

"வாழைப்பழம் கொடுத்தால் போய் விடும்" என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மூக்கில், காதில் போட்டுக் கொண்டாலும் இப்படித்தான்.

மின்சாரம் போகும் பாதை

கட்டையில் இருந்து கிளம்பும் மின்சாரம், தகடு, சுவிட்சு, ஒயர் வழியாக விளக்குக்குப் போகிறது. மறுபடியும் கட்டைக்கே திரும்புகிறது. இந்த வட்டத்தில் எங்காவது ஓர் இடம் அறுந்தால் வாள் எரியாது. ஆகவே, கட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. கட்டை

புது வாள் எரியவில்லையா? கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கடைக்கு வரும்போதே செருகி இருப்பார்கள். அதை இழுத்து விட்டால் போதும்.

பழைய வாள் என்றால், திருப்புளியால் மூடியைக் கழற்றுங்கள். கட்டையின் அகலமான, + குறி உள்ள பக்கம் சரியாக வைக்கப்பட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட். மூன்றும் சேர்ந்தால் 4.5 வோல்ட். மீட்டர் வைத்துப் பார்த்து, ஒரு கட்டை 1.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். வாங்கும்போது பழைய கட்டையில் உள்ள எண்ணைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். எல்.ஆர்.44 என்பதும், ஏ.ஜி.13 என்பதும் ஒரே அளவுதான்.

2. களிம்பு

கட்டை கசிந்தால், தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ களிம்பு பூக்கும். அதைக் கையால் தொடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தகடு பளபளக்கும். தகடு அமுங்கி இருந்தால், சற்றே மேலே வளைத்து விடுங்கள்.

3. சுவிட்சும் ஒயரும்

வாளைச் சுழற்றிச் சுழற்றி, ஒயர் அறுவது உண்டு. ஈயம் வைத்துப் பற்ற வைத்த இடத்தில்தான் பெரும்பாலும் அறும். அறுந்த ஒயரை, ரேடியோ அல்லது செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் பற்ற வைத்துத் தருவார். கட்டையின் மேல் நேராக ஈயம் பற்ற வைக்கக் கூடாது. வெடிக்கும்!

சுவிட்சை அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிறதா? அப்படியானால் சுவிட்சை மாற்றுங்கள்.

4. விளக்கு

வாளில் இருப்பது எல்.இ.டி. விளக்கு. அதன் வழியே மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே போகும். மாற்றி வைத்தால் எரியாது. நீளமான கால் + பக்கம்.

சிவப்பு எரிகிறது, நீலம் மட்டும் மங்குகிறதா? விளக்கின் மேல் பழி போடாதீர்கள்! சிவப்பு விளக்குக்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். எனவே கட்டை தேயும்போது முதலில் மங்குவது நீலம்தான்.

நீலம் பிடிவாதக்காரன்! கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கை அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் 1962-ல் செய்து விட்டார். பிரகாசமான நீல விளக்கு வருவதற்கு, அதன் பிறகு சுமார் 30 ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய 3 பேருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூவரும் ஜப்பானில் பிறந்தவர்கள். இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்பும் நீல விளக்கின் பிள்ளைதான்.

கூடவே கூடாது

கட்டைக்குப் பதிலாக செல்போன் சார்ஜரையோ, வீட்டு மின்சாரத்தையோ வாளில் கொடுக்காதீர்கள். மூடியின் திருகாணி தொலைந்து விட்டால், வேறு திருகாணி போடும்வரை வாளைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

புது வாள் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

டார்ச் விளக்கு, டி.வி. ரிமோட், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் கோளாறைத் தேடும் வழி இதேதான். பெரிய பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் கட்டைகளை எண்ணுங்கள். புதியது 3 வாளுக்குள். பழையது 3, இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத டப்பாவுக்குள். ஒன்று குறைந்தாலும், கிடைக்கும்வரை தேடுங்கள்.